மணி அடித்தால்தான் மோட்டார்

"இப்படி ஆகும் என்று யார் கண்டது?" என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் சொல்லலாம். கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சாய்ந்தால் பெண்ணைப் பெற்றவர் சொல்லலாம். எஞ்சினியர் சொல்லக் கூடாது. என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தானே அவருக்கு மேசையும் நாற்காலியும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்? தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நான் வேலை பார்த்தபோது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனது. பம்பு செய்கிறவர்கள் சொன்னார்கள், கிரைண்டர் செய்கிறவர்கள் சொன்னார்கள். கடைசியில் எங்கள் கம்பெனியிலும் சொன்னார்கள்.

எங்கள் கம்பெனி கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்பக்கம் முதலாளியின் வீடு, பின்பக்கம் பட்டறை. விவசாய மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்தோம். நான் அங்கே டிசைன் எஞ்சினியர். டிசைன் பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு டிராயிங் போர்டு, ஒரு மேசை விசிறி, நான், அவ்வளவுதான் பிரிவு. பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்டார்ட்டர் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. முதலாளி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மனிதர். என்னை "அம்மணி" என்பார். கோபம் வந்தாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். இப்படிப்பட்டவரோடு ஆத்திரம் தீரச் சண்டை போடவும் முடியாது.

அந்த நாட்களில் தோட்டத்துக்கு வரும் த்ரீ பேஸ் கரண்டுக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் வரும் என்று காத்திருந்தால் மத்தியானம் வரும், வந்த சுருக்கில் போய்விடும். வரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க ஓர் ஆள் வேண்டும். விவசாயிகள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கினபடியே ஒரு குச்சியைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தன்னால் ஓடும். அந்தக் குச்சியின் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான் எங்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர். செய்து முடிப்பதற்குள் விற்றுப் போகும்.

தன்னால் ஓடும் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், அது ஓடத் தொடங்கும் நேரத்தில் யாருடைய கை அதற்குள் இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தானே மனிதர்கள் இயந்திரத்தில் கை வைக்கிறார்கள்? அதனால் பெட்டியின் முதல் வரைபடத்திலேயே ஒரு மணி போட்டேன். கரண்ட் வந்ததும் மணி அடிக்கும். கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்த பிறகுதான் மோட்டார் எடுக்கும். அதற்குள் கையை எடுத்துவிடலாம். அந்தப் பக்கமெல்லாம் விசைத்தறி. தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று, பள்ளிக்கூடம் விடுகிற மணி மாதிரி உரக்க அடிக்கும் மணியாகத் தேடிப் பிடித்தேன். மோட்டார் ரூமுக்கு வெளியே, கூரைக்குக் கீழே மாட்டச் சொன்னோம். "எங்க அம்மணி யோசனைங்க" என்று முதலாளி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள், கருமத்தம்பட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு விரல் துண்டாகிவிட்டது என்று செய்தி வந்தது. அங்கே இருந்தது எங்கள் பெட்டி.

முதலாளி என்னைப் போக வேண்டாம் என்றார். "நாம போய் நின்னமுன்னா தப்பு நம்மளுதுன்னு ஆயிருமுங்க அம்மணி." நான் போனேன். காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து, மணி அடிக்கவில்லையா, அடித்தும் கேட்கவில்லையா என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது கம்பெனிப் பெட்டியாக இருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருடைய தோட்டம் அது. நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், ஆழ்துளைக் கிணறான போர் மட்டும் பொது. போருக்குள் காற்றை அழுத்தித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் ஒன்று, அதை ஓட்டும் மோட்டார் ஒன்று, இரண்டுக்கும் நடுவே பெல்ட். அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு மறுநாள் என்று தண்ணீர் முறை. முறைக்காரர் வந்து வால்வைத் தன் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வீடுகளும் மோட்டார் ரூமிலிருந்து தள்ளி, ஒரு தறிக்கொட்டகையை ஒட்டியே இருந்தன.

அடிபட்டது தம்பிக்கு. வலது கையில் இரண்டு விரல் இல்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். காப்பி கொடுக்கச் சொன்னார்.

"பெல்ட்டு களண்டு கெடந்துச்சுங்க. கரண்டு இல்ல. மாட்டிப்போடலாம்னு கைய வெச்சேன், சடார்னு எடுத்துருச்சுங்க" என்றார்.

"மெயினை ஆஃப் பண்ணலீங்களா?"

"கரண்டு வந்தா மணி அடிக்குமுல்லீங்க? அதுக்குத்தான மணி வெச்சிருக்கறீங்க?"

குச்சி செருகிய காலத்தில் இந்த மனிதர் மெயினை இறக்காமல் பெல்ட்டில் கை வைத்திருக்கவே மாட்டார். பயம் இருந்தது. மணி வந்து அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. மணி இருக்கிறது என்று நம்பித்தான் கையை விட்டிருக்கிறார். நான் வைத்த மணியை நம்பி.

மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். மணி கூரைக்குக் கீழே துருவேறாமல் தொங்கியது. அதற்குப் போகும் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்ததோ வெயிலில் இற்றுப்போனதோ இல்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி, முனைகளில் அழகாக டேப் சுற்றியிருந்தார்கள். வேலை சுத்தம்.

அண்ணன் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அவராகவே வந்தார். "ஏனுங்க அம்மணி, எம்பட மொறையில கரண்டு போயிருதுங்க. போன தண்ணிய நான் எங்க போயி எடுக்கறதுங்க?" என்றார்.

விஷயம் இதுதான். தன் முறையில் கரண்ட் போனால், இழந்த தண்ணீரைத் தம்பி முறையில் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். வால்வு தன் காட்டுப் பக்கமே திரும்பியிருக்கும்படி விட்டுவிடுவார். கரண்ட் வந்து மோட்டார் ஓடினாலும் கம்ப்ரசரின் சத்தம் தறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். தம்பி சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் தண்ணீர் அண்ணன் காட்டில் பாய்ந்திருக்கும். ஆனால் மணி அமுங்காது. அது அடித்தால் தம்பி வந்து வால்வைத் திருப்பிவிடுவார். அதனால் வெட்டிவிட்டார். தறியை மீறிக் கேட்கட்டும் என்று நான் தேடிப் பிடித்த அந்தச் சத்தம்தான் வெட்டச் சொல்லியிருக்கிறது.

"தம்பி கையி இப்பிடி ஆகும்னு ஆருங்க கண்டா?" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய் அழுகை இல்லை. எனக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அவரையா, என்னையா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது தம்பி சொன்ன ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டி, "இனிமே மோட்டார் ரூமுக்கு இவதானுங்க போகோணும். இந்தக் கைய வெச்சுட்டு நான் பெல்ட்டு மாட்ட முடியாது. அந்தப் பெட்டிய மட்டும் சரி பண்ணிக் குடுத்துப்போடுங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கை மட்டுமே கண்ணுக்குள் இருந்தது. ஒரு கை போய்விட்டது. அடுத்தது இந்தக் கை.

கம்பெனிக்கு வந்ததும் முதலாளியிடம் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்றேன். முதலாவது, மோட்டாரைத் தாமதித்து எடுக்கவைக்கும் டைமருக்கு மணியின் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். மணியை வெட்டினால் மோட்டாரும் எடுக்காது. இரண்டாவது, பெல்ட்டுக்குக் கம்பி வலையில் ஒரு கூண்டு. கூண்டைத் திறந்தால் ஒரு ஸ்விட்ச் விடுபட்டு, கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாமல் நிற்க வேண்டும்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "மணி கெட்டா மோட்டார் ஓடாதுன்னா, மணி கெடற அன்னைக்குப் பயிர் காயுமுங்க. அவன் நம்ம பெட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிருவான். ஒயர வெட்டுனது ஆருங்க? நாமளா?"

"வெட்டினாலும் ஓடற மாதிரி செஞ்சது நாம சார்."

"வெட்டுவாங்கன்னு நாம கண்டமுங்களா?"

வந்துவிட்டது அந்த வாக்கியம். சட்டத்தை மீறி, சாமானைக் கெடுத்து, கூடப் பிறந்தவனை ஏமாற்றுவதற்காக ஒருவன் செய்வதையெல்லாம் நாம் எப்படி முன்னால் பார்ப்பது என்பது அவர் வாதம். என் வாதம் வேறு. தண்ணீருக்காக அண்ணன் தம்பி வரப்பில் நின்று சண்டை போடுவது இந்தச் சீமையில் யாருக்குத் தெரியாது? முதலாளிக்கே அவர் பெரியப்பா வீட்டோடு வாய்க்கால் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் ஏறும் இறங்கும் என்று தெரிந்து அதற்குத் தகுந்த கம்பிச் சுருள் போடுகிறோம். எலி வரும் என்று தெரிந்து ஓட்டையை அடைக்கிறோம். மனிதன் தண்ணீர் திருடுவான் என்பதை மட்டும் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டுமா? இதையெல்லாம் குரல் உயர்த்தித்தான் சொன்னேன். பட்டறையில் டிரில்லிங் மிஷின் ஒன்று நின்றது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூண்டு பற்றி அவர் சொன்னது இன்னும் எரிச்சல். "பெல்ட்டு நம்ம சாமானே இல்லீங்களே அம்மணி. நாம செய்யறது பெட்டி." சரி என்று கம்ப்ரசர் செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த எஞ்சினியர் சிரித்தார். "எங்க கம்ப்ரசர் தன்னால ஓடாதுங்க மேடம். ஓட வெக்கறது உங்க பெட்டி. கூண்டு நீங்க போட்டுக்குங்க." இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. இரண்டு பேரும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரு ஸ்டிக்கர். 'எச்சரிக்கை: மெயினை அணைத்த பிறகே பழுது பார்க்கவும்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். பின்னாளில் நான் பார்த்த பாதிப் பெட்டிகளில் அதை மறைத்துத் தோள் துண்டு தொங்கியது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என் முதல் யோசனைப்படி பெட்டியை மாற்றிக் கொடுக்க முதலாளி சம்மதித்தார். விரலை இழந்த வீடு, இரக்கப்பட்டார்.

நானே கொண்டுபோய் மாட்டினேன். அண்ணனையும் தம்பியையும் நிற்கவைத்து, மணி ஒயரைக் கழற்றிக் காட்டினேன். மோட்டார் எடுக்கவில்லை. மறுபடி மாட்டினேன். மணி அடித்தது, ஓய்ந்தது, மோட்டார் எடுத்தது. "இனி வெட்டினா ரெண்டு பேருக்கும் தண்ணி இல்லீங்க" என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி மனைவி முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பொட்டலத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கையையாவது காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது.

அந்தக் கோடையில் அவினாசிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள், திரும்பும்போது கருமத்தம்பட்டியில் இறங்கி அந்தத் தோட்டத்துக்கு நடந்தேன். மனம் கேட்கவில்லை. வெயில் கொளுத்தியது. தக்காளிச் செடியெல்லாம் இலை சுருண்டு நின்றது. மோட்டார் ரூமில் தம்பி மனைவி தனியாக இருந்தாள். கரண்ட் இல்லை. பெல்ட் தளர்ந்து ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது.

"வாங்கக்கா" என்று சிரித்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். மணிக்குப் போக வேண்டிய இரண்டு ஒயரும் பெட்டிக்கு மேலே ஒரு ஹோல்டரில் முடிந்திருந்தன. ஹோல்டரில் சின்னதாக ஒரு பல்பு.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மணியின் இடத்தில் பல்பு. பல்பு வழியாகவும் கரண்ட் போகும், டைமர் ஓடும், மோட்டார் எடுக்கும். சத்தம் மட்டும் வராது. ஊர்க்காரர் யாரோ ஒயரிங் தெரிந்தவர் செய்து கொடுத்திருக்கிறார்.

"யாரு பண்ணினது? அவரோட அண்ணனா?"

"நாந்தானுங்க்கா பண்ணச் சொன்னேன்" என்றாள். மறைக்கவே இல்லை. கம்ப்ரசருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேசினாள். "அவுங்க இத்தன வருசம் எங்க தண்ணிய எடுத்தாங்க. இப்ப இவுருக்குக் கையும் இல்ல. தக்காளி கருகுதுங்க. அவுங்க மொறையில கொஞ்சம் எங்க பக்கம் உட்டுக்கறேன். மணி அடிச்சா அவுங்க வீட்டக்கா வாசல்ல வந்து நின்னு பாக்குதுங்க."

நான் பல்பையே வெறித்துக்கொண்டு நின்றேன். விரல் போன வீட்டிலேயே, விரல் போன கையைத் தினமும் பார்த்துச் சோறு போடுகிறவளே இதைச் செய்தால், நான் இனி எதை வரைந்து யாரைக் காப்பாற்றுவது? மெயினை இறக்கிவிட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன்.

பல்பு எரிந்தது.

அவள் கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து பல்பு தெரியாது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மெயின் கைப்பிடியில் தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது கீழே வந்தது. பல்பு அணைந்தது. மோட்டார் எடுக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையை இன்னும் எடுக்கவில்லை. "என்னங்க்கா?"

"கரண்டு வந்துருச்சு! கை போயிருக்கும்! உனக்கு அறிவில்லையா?" அதிகம் பழக்கமில்லாத பெண்ணை ஒருமையில் பேசினேன். வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் பின்னாலேயே ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். பயந்துதான் போயிருந்தாள். கிரீஸ் பட்ட விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்.

"உடுங்க்கா. அதான் நீங்க இருந்தீங்கல்ல."

அன்றைக்கு நான் ஊர் திரும்பவில்லை. கருமத்தம்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கம்பி வலையும் இரும்பு ஆங்கிளும் கொடுத்துக் கூண்டு செய்யச் சொல்லி, எலெக்ட்ரிகல் கடையில் ஸ்விட்ச் வாங்கி, மறுநாள் அந்த ரூமில் நானே மாட்டினேன். கூண்டைத் திறக்காமல் பெல்ட்டில் கை போகாது. திறந்தால் மோட்டார் எடுக்காது. அதற்குச் சத்தம் கிடையாது, யார் முறையில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று அது யாரிடமும் சொல்லாது. அதனால் அதைப் பிடுங்கிப்போட அந்த இரண்டு வீட்டில் யாருக்கும் அவசியம் இல்லை. பல்பை நான் கழற்றவில்லை. கழற்றினால் என் முதுகு மறைந்ததும் மறுபடி மாட்டுவாள்.

கணபதிக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நல்ல வேளைங்க அம்மணி, நீங்க போனீங்க" என்றார். கூண்டின் வரைபடத்தை மேசையில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா பெல்ட்டு நம்ம சாமானில்லையேங்க" என்று சுருட்டி என் கையில் கொடுத்தார்.

அந்த வாரமும் பெட்டிகள் வண்டி ஏறின. காங்கேயத்துக்கும், தாராபுரத்துக்கும், பல்லடத்துக்கும், மணியோடு, ஸ்டிக்கரோடு. அந்த ரூம்களில் எதிலும் நான் இல்லை.